தணல்கழுத்தும் என் காதும்

மே 27, 2018. ஞாயிறு

கடையில் ரெஜி பெல்க்கியைப் பார்த்தேன். பார்க்காமல் தப்பிக்க முடியாத ஆள். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. மரம் வெட்டும் குத்தகைக்காரன். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். பால் எடுத்துக்கொண்டு திரும்பினால் வழியை மறித்து நிற்கிறான்.

"என்ன கொரின், இந்த வருஷமும் குருவி எண்ணப் போறியா? மிச்சம் இருக்கிற ஒண்ணுக்குப் பேரு வெச்சுட்டியா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். "வெச்சுட்டேனே, ரெஜின்னு. நாள் பூரா கத்தும், உருப்படியா ஒண்ணும் செய்யாது" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எண்ணத்தான் போகிறேன். இருபத்தேழு வருஷமாக எண்ணுகிறேன். ஜூனில் ஒரு நாள், விடிவதற்கு முன்னால் தொடங்கி, இந்த ஆஷ்பி மில்ஸ் ஊரிலிருந்து வடக்கே போகிற சாலையில் ஐம்பது இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம். காதில் விழுகிற, கண்ணில் படுகிற பறவையை எல்லாம் எண்ணி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது, பெட்ரோல் நம் செலவு, கறுப்பு ஈக்கடி இலவசம். மெய்ன் மாநிலத்தில் மட்டும் என்னைப் போல எத்தனையோ பைத்தியங்கள் இருக்கின்றன. நாங்கள் இல்லாவிட்டால் எந்தப் பறவை கூடுகிறது, எது குறைகிறது என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது.

எனக்கு முக்கியம் தணல்கழுத்து. புத்தகத்தில் ப்ளாக்பர்னியன் என்று யாரோ ஒரு இங்கிலாந்துச் சீமாட்டியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நான் வைத்த பெயர்தான் பொருத்தம்: ஊதிவிட்ட தணல் மாதிரி கழுத்து, கட்டைவிரல் அளவு உடம்பு. அதை வைத்துக்கொண்டு தென்னமெரிக்க மலைகளிலிருந்து வருஷாவருஷம் வந்து, ஊசியிலை ஸ்ப்ரூஸ் மர உச்சியில் கூடு கட்டுகிறது. முன்பெல்லாம் என் தடத்தில், இந்த ஐம்பது நிறுத்தத்தில், இருபது, இருபத்திரண்டு கிடைக்கும். போன வருஷம் இரண்டு.

தடத்தின் கடைசிப் பகுதி ஊருக்குச் சொந்தமான மேல்காட்டுக்குள் போகிறது. அங்கே இருக்கும் பழைய ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி விற்று, தீயணைப்பு நிலையத்துக்குப் புதுக் கூரை போடலாம் என்று ஊர்ச்சபை யோசிக்கிறது. அடுத்த மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஓட்டு. குத்தகை யாருக்குப் போகும் என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் ரெஜிக்கு அவ்வளவு குஷி. இருபதிலிருந்து இரண்டுக்கு விழுந்த குருவி வாழ்கிற காட்டையா வெட்டுவீர்கள்? நானும் பார்க்கிறேன்.

ஜூன் 3

மழை. என் வீட்டுக்காரன் ஆர்மான் வண்டிக்கு எண்ணெய் மாற்றினான், தன் சட்டைக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

ஜூன் 9. சனி

முடிந்தது. ஒன்று. ஐம்பது நிறுத்தத்திலும் சேர்த்து ஒரே ஒரு தணல்கழுத்து, அதுவும் சாலையைக் கடந்தபோது கண்ணில் பட்டது.

காற்று இல்லை, மழை இல்லை, இதைவிட நல்ல காலை அமையாது. ஆர்மான் எப்போதும் போல ஓட்டினான், நான் சொல்லச் சொல்ல எழுதினான். இருபத்தேழு வருஷமாக என் கணவன் இந்த ஒரு நாள் மட்டும் எனக்கு முழுக்கக் கட்டுப்பட்டு நடப்பான். விதி அப்படி. எண்ணுகிறவர் ஒருவர்தான், கூட வருகிறவர் ஓட்டலாம், எழுதலாம், பறவையைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. காட்டினால் நான்கு காதின் கணக்காகிவிடும், பழைய வருஷங்களோடு ஒப்பிட முடியாது. முதல் வருஷமே சொல்லிவைத்தேன்: "மூஸ் மான் வந்து கண்ணாடியை நக்கினாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது." மனுஷன் திறந்ததே இல்லை.

மேல்காட்டுக்குள் போனதும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான். அவனுக்கும் வருத்தமாக இருந்திருக்கும்.

காடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதியைக் கேட்டுவிட்டுச் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. உட்காரவும் மாட்டேன்.

ஜூன் 11

மாநிலக் கணக்குகளைச் சேர்க்கிற வெண்டல் ஸ்ட்ரவுட் போனில் கூப்பிட்டான். குரலைக் கேட்டால் முப்பது வயதுகூட இருக்காது. ரொம்ப மரியாதைக்காரன், அதுதான் எரிச்சல்.

"பக்கத்துத் தடங்கள்லயும் குறைஞ்சிருக்கு, மிஸஸ் ஊலெட். ஆனா இவ்வளவு மோசமா இல்ல."

"அப்போ பக்கத்துத் தடத்துக்காரங்க தூக்கத்துல எண்ணுறாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க… நீங்க கடைசியா எப்போ காது பரிசோதனை செஞ்சீங்க?"

"உங்க அம்மாகிட்ட போய்க் கேளுங்க இந்தக் கேள்விய" என்று வைத்துவிட்டேன்.

காதாம். பக்கத்து அறையில் ஆர்மான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் எனக்குக் கேட்கிறது. அறுபத்து நான்கு வயதானால் எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணமா? குருவி செத்தால்கூட என் வயதுதான் காரணமா?

ஜூன் 14

ஹில்டா விட்டன் வந்தாள். மேல்காட்டைக் காப்பாற்றும் குழுவுக்கு அவள்தான் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம். என் கணக்குகளை வரைபடக் கோடாகப் போட்டு, கதவு அளவுக்கு அட்டையில் அடிக்கப் போகிறாள். மேலே இருபத்திரண்டு, கீழே ஒன்று. "இதப் பாத்துட்டு வெட்டணும்னு கை தூக்குறவன் மனுஷனே இல்ல" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தில் ஒரு துண்டு கொடுத்தேன், மூன்று சாப்பிட்டாள்.

ஜூன் 17. ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்மான் பின்வாசல் படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். கொட்டாவி விட்டான்.

"உன் ஆரஞ்சுக்காரன் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டான். தூங்க விடல."

"எந்த ஆரஞ்சுக்காரன்?"

"அதான், இந்தா கத்துறானே. கொட்டகைக்குப் பின்னால."

நான் கையில் ஈரச் சட்டையோடு நின்றேன். ராபின் பறவை கேட்டது. ரோட்டில் லாரி கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

"எங்க?"

"கொரின், விளையாடாத. ஸ்ப்ரூஸ் உச்சியில. இதோ, இப்போ. இதோ, மறுபடி."

தொலைநோக்கியை எடுத்து வந்தேன். அவசரத்தில் மரத்தைப் பிடிக்கவே நேரமானது. உச்சியில் இருந்தது. தலையை நிமிர்த்தி, அலகைத் திறந்து, அந்தத் தணல் கழுத்து துடிக்கத் துடிக்கப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி.

அது அலகை மூடித் திறந்து மூடித் திறந்து பாடியது. நான் அப்படியே பார்த்துக்கொண்டே நின்றேன். ஆர்மான் பக்கத்தில் வந்து, "நெஜமாவே கேக்கலியா?" என்றான்.

"தடத்துலயும் கேட்டுச்சா உனக்கு?"

காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"ஆர்மான்! தடத்துல கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தன வருஷமா?"

"ஒரு ஆறேழு வருஷமா… நீ எழுதச் சொல்லல. ரொம்பத் தூரத்துல இருக்கிறத எண்ணக் கூடாதுன்னு ஏதாச்சும் விதி இருக்கும்னு நெனச்சேன். நீதானே கெட்டிக்காரி."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நீதானேடி சொன்ன, மூஸ் வந்து நக்கினாலும் தொறக்கக் கூடாதுன்னு!"

ஈரச் சட்டையை அவன் முகத்தில் எறிந்தேன். அவன் சட்டைதான்.

ஜூன் 18

பேசவில்லை.

ஜூன் 20

இன்று பேசினேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் சரி. ஏழு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என் கணக்கு கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டே பேனா பிடித்திருக்கிறான் இந்த மனுஷன்! ஊரே என் கோட்டை நம்புகிறது. ஹில்டா கதவு அளவுக்கு அடித்து வைத்திருக்கிறாள். எல்லாம் என்னால். இல்லை, இவனால். இல்லை, விதியால்.

"ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப? 'உனக்கு என்ன தெரியும் தபால்காரா'ன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். அதுதான் இன்னும் கோபம். அவன் முப்பது வருஷம் தபால் கொடுத்தவன், என்னைவிட ஆறு வயது சின்னவன், ரம்பச் சத்தத்தின் பக்கமே போகாதவன். நான் இருபது வருஷம் கட்டை மில்லில் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன், துணி மாட்டுகிற கிளிப் கடைந்தோம். காதுக்கு ஒரு பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்தால் சிரிப்பார்கள்.

ஜூலை 2

காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள் ஒரு சின்னப்பெண். முதலில் எல்லாம் கேட்டது. பிறகு ஒன்றுமே வரவில்லை. வரவில்லை என்றால் அவள் ஏன் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறாள்? அவள் விரல் அசைகிறபோதெல்லாம் நான் பொத்தானை அமுக்கினேன். ஆமாம், ஏமாற்றினேன். பள்ளிக்கூடத்தில்கூடச் செய்யாத காரியம்.

அவள் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பொத்தான் சும்மா கிடந்தது.

பேச்சுக் கேட்கும், டிவி கேட்கும், பிஸ்கட் டப்பாவும் கேட்கும் என்றாள். ரொம்ப மேலே இருக்கும் சத்தங்கள் மட்டும் போய்விட்டன. காதில் கருவி வைத்தால் பேச்சு இன்னும் தெளியும், அந்த உயரத்துக்கு அது ஏறாது. தணல்கழுத்தின் பாட்டு அங்கேதான் இருக்கிறது. கீழே தொடங்கி, மெலிந்து மெலிந்து, கடைசிச் சுரம் உச்சிக்குப் போய் நிற்கும். அந்தக் கடைசிச் சுரம்தான் எனக்கு முதலில் போயிருக்க வேண்டும். பிறகு அதற்குக் கீழே உள்ளது. போகிறது என்று தெரியாமலே போயிருக்கிறது. இனி அதை நான் கேட்கவே மாட்டேன். வண்டியில் அழுதேன், ஆர்மான் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினான். இந்த முறை சொல்லாமல் இருந்ததற்கு அவனைத் திட்டவில்லை.

ஜூலை 4

எல்லோரும் சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு ஒன்றானதில் காடு இழந்தது எவ்வளவு, என் காது இழந்தது எவ்வளவு? முழுக்க என் காதுதான் என்றால், குருவிக்கு ஒரு குறையும் இல்லை என்று ரெஜி ஊரெல்லாம் சொல்வது சரி. அப்படி இருக்கட்டுமே. தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 7

விடியலில் ஆர்மானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். வெண்டலின் அலுவலகத்துக்கு அனுப்பாத கணக்கு, எனக்காக மட்டும். "உனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணுதான். அது கேட்டா விரலத் தூக்கு, பேசாத."

வண்டியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான் காட்டைப் பார்க்கவில்லை, அவன் விரலையே பார்த்தேன். முதல் நான்கு நிறுத்தத்தில் விரல் எழவில்லை. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. ஐந்தாவதில் எழுந்தது. பிறகு நிறைய. மேல்காட்டில் ஓர் இடத்தில் இரண்டு கையிலும் விரல் தூக்கினான், உடம்பெல்லாம் கறுப்பு ஈ மொய்க்க, சொறியவும் கை இல்லாமல்.

பதினொன்று. ஜூலையில் பாட்டு குறையும், ஜூனில் இன்னும் ஒன்றிரண்டு இருந்திருக்கும். ஆக, பன்னிரண்டு பதின்மூன்று.

நான் கேட்கிற காலத்தில் இருபத்திரண்டு. இப்போது நல்ல காதுக்குப் பதின்மூன்று. அப்படியென்றால் குருவி குறைந்தது உண்மை. செத்தே போய்விட்டது என்று நான் சொன்னது பொய். வெண்டல் சொன்னதும் சரி, நான் சொன்னதும் பாதி சரி, ரெஜி சொன்னது மட்டும் தப்பு. அந்தக் கடைசி ஒன்றுக்காகவே வீட்டுக்கு வந்து பிளோய் அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவி, ஆர்மானுக்கு அடுக்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 22

கருவி வந்துவிட்டது. காகிதம் கசங்குவது காட்டுத் தீ மாதிரி கேட்கிறது. ஆர்மான் சூப் குடிக்கும் சத்தம் இவ்வளவு என்று இதுவரை யாருமே சொல்லவில்லை.

டிசம்பர் 1

வெண்டலைக் கூப்பிட்டேன். காதைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்பு கேட்பதற்கு முன்னால் அவனே, "ரொம்பப் பேருக்கு இது நடக்கிறதுதான், மிஸஸ் ஊலெட். உங்க மத்தப் பறவைக் கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொடர்ந்து எண்ணுங்க, ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றான். தொடர்வதா! என் கடைசி ஏழு வருஷத்துத் தணல்கழுத்துக் கணக்குக்கு நேராக 'நம்ப வேண்டாம்' என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். தயங்கினான். குறிக்கிறவரை போனை வைக்க மாட்டேன் என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. அது கேட்கிறது எனக்கு.

பிப்ரவரி 24, 2019

ஹில்டாவிடம் சொல்லிவிட்டேன். எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், கடைசியாகப் பனிப்புயல் என்று சாக்கு வைத்துக்கொண்டேன். காதைப் பற்றி, பதினொன்றைப் பற்றி, எல்லாம். கதவு அட்டை அவள் வீட்டு ஹாலில் சாய்த்து வைத்திருந்தது. என் கோடு இருபத்திரண்டிலிருந்து ஒன்றுக்குச் சறுக்கிக்கொண்டிருந்தது.

"மார்ச் முடியட்டும் கொரின். அப்புறம் உன் காதப் பத்தி ஊரெல்லாம் தண்டோரா போடு. யாரு வேண்டாம்னா?"

"அந்த அட்டை பொய்."

"பாதிப் பொய்! குறைஞ்சது நெஜம்னு நீயேதான சொல்ற? நாம ஒண்ணும் கெட்டதுக்காகச் சொல்லலியே, காட்டுக்காகத்தான."

"காட்டுக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான், ஹில்டா."

"உன் ரோஷத்துக்கு முந்நூறு வருஷ மரமெல்லாம் சாகணுமா?"

கையுறையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ரோஷமா இது? கொஞ்சம் ரோஷம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. வேறு என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 16, 2019. சனி

பள்ளிக்கூட விளையாட்டு ஹால். வழக்கம் போல முதலில் சாலைச் செலவு, பிறகு பனி அள்ளும் செலவு, பிறகு நாய்களுக்கான வரி பற்றி ஒரு மணி நேரச் சண்டை. மதியம் பீன்ஸும் ஹாம் இறைச்சியும். ஆர்மான் இரண்டாம் தட்டு வாங்கப் போனான். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை.

பிறகு மேல்காட்டு விஷயம் வந்தது. ஹில்டா அட்டையை மேடையில் நிறுத்தினாள், என்னைப் பார்க்காமல். ஹாலே "ஐயோ" என்றது. கூட்டத் தலைவர், "கொரின் ஊலெட் பேசுவார்" என்றார்.

எழுந்தேன். கோபமாக இருந்தால் எனக்குப் பேச்சு வரும், பயமாக இருந்தால் வராது. ஆகவே ரெஜியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இந்த அட்டையில கடைசியா இறங்குற கோட்ட நம்பாதீங்க. பறவை ஒண்ணே ஒண்ணு இல்ல. அது பாடிக்கிட்டுத்தான் இருக்கு, எனக்குத்தான் கேக்கல. என் காது போச்சு. என் வீட்டுக்காரர் காதால எண்ணினா பதினொண்ணு. முன்ன இருபத்திரண்டு. பாதியாயிருக்கு."

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இருந்து எனக்குக் கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகு ரெஜி எழுந்தான்.

"அப்போ குருவி நல்லாத்தான் இருக்குன்னு ஒத்துக்கிற."

"நல்லா இல்ல, பாதியாயிருக்கு. உன் தல முடி மாதிரி. பாதி போயிடுச்சுன்னு மிச்சத்தையும் மழிச்சுக்குவியா?"

ஹால் அதிர்ந்தது. ரெஜிகூடத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "காது கேக்காதவங்க கணக்க வெச்சுத்தானா இத்தன நாளா நம்மள மெரட்டினாங்க?" என்றது. அதற்குச் சிரிப்பு வரவில்லை, முணுமுணுப்பு வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது.

ஏழு ஓட்டில் தோற்றோம். வரும் குளிர்காலம், தரை உறைந்ததும் வெட்டு தொடங்கும்.

ஹில்டா அட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். "தவள தன் வாயால கெடும்னு சொல்வாங்க. நீ காட்டையும் சேத்துக் கெடுத்துட்ட" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு ரெஜி பின்னாலேயே வந்தான்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அப்போதுதான், ஹில்டாவிடம் சொல்லத் தெரியாமல் போனது வாயில் வந்தது. "நீ வெட்டி முடிச்சப்புறம் எங்க வீட்டிலேருந்து ஒரு குருவிக் கணக்கு வரும். அப்போ இந்த ஊரு அத நம்பணும். நீயும் நம்பணும்."

ரெஜி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். கேலியாக ஏதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. போய்விட்டான்.

மார்ச் 17

தோற்றோம் என்று எழுந்தவுடனே ஞாபகம் வந்தது. பிறகு பசித்தது.

ஏப்ரல் 6

வெட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஜூன்தான் இருக்கிறது. முன்னால் எவ்வளவு இருந்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் பின்னால் எவ்வளவு போனது என்று சொல்ல முடியும். போன ஜூலையில் விரல் தூக்கியதெல்லாம் கணக்கில் வராது. ஆகவே ஆர்மான்தான் எண்ண வேண்டும். வெண்டலிடம் சொன்னேன். "புது ஆள்னா தனிக் கோடு, மிஸஸ் ஊலெட். உங்க கோடு இதோட முடிஞ்சிடும். அவருக்கு எல்லாப் பறவையும் தெரிஞ்சிருக்கணும், தேர்வு வெச்சுத்தான் எடுப்போம்."

முடியட்டும். இருபத்தேழு வருஷக் கோடு, அதில் இருபது நல்லது. இதைவிட மோசமான கோடுகளோடு எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பிரச்சினை: ஆர்மானுக்குக் காது இருக்கிறது, பறவை தெரியாது.

ஏப்ரல் 19

சமையலறை மேஜையில் பதிவுகளைப் போட்டுக் காட்டுகிறேன். பாதி எனக்கே கேட்பதில்லை. திரையில் பெயரைப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று சொல்கிறேன். ஒரு செவிடி கேள்வி கேட்க ஒரு தபால்காரன் பதில் சொல்கிறான்.

"ஏன்யா, நாப்பது தடவ சொல்லிட்டேன், இது விரியோ!"

"எல்லாம் ஒரே மாதிரி கீச்கீச்சுன்னுது கொரின். எனக்கு அறுபது வயசாகப் போவுது. ஆள விடு."

"விடமாட்டேன்."

ஏப்ரல் 28

மனுஷன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான்! தபால் கொடுத்த வீடுகளை வைத்துப் பறவைப் பாட்டுகளை நினைவில் வைக்கிறான். சிவப்புக்கண் விரியோ மேடம் கோட்டே, ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் மறுபடி கேட்பாள். ஓவன்பேர்ட் கீழ்த்தெரு வாட்சன், வரவரக் குரல் ஏறும். குளிர்கால ரென் யாரென்றால், மூச்சு விடாமல் பேசி, பாதியில் கதவைச் சாத்துகிற அந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர். எட்டுக்கு ஏழு சரி. முப்பது வருஷத்து வீட்டு எண்ணெல்லாம் இவன் தலைக்குள் குருவியாகக் கிளம்புகிறது.

"அப்போ தணல்கழுத்து யாரு?" என்று கேட்டேன்.

"அதுக்கு யாரும் வேணாம். அது தெரியும்" என்றான்.

மே 18

தேர்ச்சி பெற்றுவிட்டான். வெண்டல் போனில் வாழ்த்துச் சொன்னான். "இனி தடத்துல நீங்க வாயத் தொறக்கக் கூடாது, மிஸஸ் ஊலெட், தெரியுமில்ல?" என்றான். பயலுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பிடித்திருக்கிறது எனக்கு.

ஹில்டா இன்னும் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் திருப்பிக்கொள்வதில்லை. அவள் மரங்களுக்காகத்தான் கோபப்படுகிறாள், அந்தக் கோபம் நியாயம்.

ஜூன் 8, 2019. சனி

நான் ஓட்டினேன். நான் எழுதினேன். வாயைத் திறக்கவில்லை. கறுப்பு ஈ காதுக்குள் போனபோதுகூட. இது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த மனுஷன் இருபத்தேழு வருஷம் எப்படி இருந்தான்?

மேல்காட்டில் மரங்களுக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். வெட்டப்போகிறவற்றுக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டை. சாலையின் இரண்டு பக்கமும் நீலம்தான். பட்டைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன். ஆர்மான் சாயத்தைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கினான், கண்ணை மூடிக்கொண்டான், மூன்று நிமிடம் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றான்.

"தணல்கழுத்து, ஒண்ணு" என்றான் மெதுவாக. எழுதினேன். "இன்னொண்ணு, எடப்பக்கம்." எழுதினேன்.

அவன் சொன்ன மரத்தை அண்ணாந்து பார்த்தேன். நீலப் பட்டை போட்ட மரம். உச்சியில் ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பேனா மட்டும் என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தோம். எண்ணியவர் என்ற இடத்தில் ஆர்மான் ஊலெட் என்று நானே எழுதினேன், அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அனுப்பியாகிவிட்டது.

தணல்கழுத்து பதின்மூன்று. எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. பதின்மூன்றும் இருந்தன, வெட்டுவதற்கு முன்னால் இருந்தன, இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.